மாஸ்டர் ஜெயபாண்டி பாடியது

வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவர்களிடம் நான் மூன்று கேள்விதான் கேட்பேன். எத்தனை பேர், எந்தப் பனியன் கம்பெனி, குடி உண்டா இல்லையா. மூன்றாவது கேள்விக்கு யாரும் உண்மை சொன்னதில்லை. இருந்தாலும் கேட்டுவைப்பேன், கேட்காத ஓனருக்கு மரியாதை இருக்காது. அருள்புரத்தில் மெயின்ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி என் காட்டில் எட்டு லைன் வீடு கட்டியிருக்கிறேன். கிணறு வற்றி, போர் போட்டு, அதுவும் வற்றி, கடைசியில் சோளம் விளைந்த இடத்தில் செங்கல் விளைந்தது. பேர் என்னவோ மாரப்பன் காடுதான்.

இரண்டாயிரத்து நாலு ஆடி மாதம் ஜெயபாண்டி வந்து நின்றான். நாற்பதைத் தாண்டிய ஆள், தலையில் எண்ணெய் வழிய வழிய வாரியிருந்தான். அவனுக்குப் பின்னால் குடமும் பாயுமாக அவன் அக்கா ராக்கம்மாள். அவள் பக்கத்தில் அவளுடைய மகள் வேல்விழி, பதினைந்து வயசிருக்கும்.

"மூணு பேரு அண்ணாச்சி. நான் அயர்ன் மாஸ்டர். அக்கா வீட்டுக்காரர் தவறிட்டாரு, எம் பொண்டாட்டி அவ அம்மை வீட்டுக்குப் போனவ வரல, அதனால நாங்க மூணே பேருதான். குடிக்க மாட்டேன். தொண்டைக்கு ஆகாது."

"தொண்டைக்கு என்னப்பா?"

"நான் பாட்டுக்காரன்லா. சின்னப் பிள்ளையில திருநெல்வேலி ரேடியோவுல பாடியிருக்கேன். ரெக்கார்டும் குடுத்திருக்கேன். 'எத்தனை படியப்பா இன்னும்'னு ஒரு பாட்டு. நீங்க கேட்டிருக்க மாட்டீக."

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். வாடகைக்கு வந்தவனுக்காக நான் எழுந்தது அது ஒருதரம்தான்.

கேட்டிருக்க மாட்டேனா! விவசாயத்தோடு சேர்த்துப் பதினெட்டு வருசம் நான் மைக் செட் வைத்திருந்தேன். கல்யாணம், சீர், கோயில் நோம்பி எல்லாவற்றுக்கும் மாரப்பன் சவுண்ட் சர்வீஸ்தான். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்காக ரோட்டோரம் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். அங்கே வருசாவருசம் என் குழாய் ஸ்பீக்கர்தான் கட்டுவேன். அந்தப் பந்தலில் நான் அதிகம் போட்ட ரெக்கார்டுத் தட்டு எதுவென்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு மலையேறும் ஒரு சின்னப் பையன் பாடுவது மாதிரியான பாட்டு. தட்டின் நடுவில் ஒட்டிய தாளில் 'மாஸ்டர் ஜெயபாண்டி' என்று போட்டிருக்கும்.

எத்தனை படியப்பா இன்னும், என் காலு சின்னக் காலு.

மூன்றாவது சரணம் முடிந்து இந்த வரி திரும்ப வரும்போது, 'என் காலு' என்றதும் குரல் ஒரு நொடி அறுபடும். ஒரு மூச்சு. அப்புறம் 'சின்னக் காலு'. அந்த இடத்தில் பந்தலில் உட்கார்ந்திருக்கிற பொம்பளைகள் எல்லாம் "பாவம், பையனுக்கு மூச்சு வாங்குதுங்" என்று கண்ணைத் துடைப்பார்கள். மைக் முன்னால் நின்றுகொண்டு இத்தனை தந்திரமாக நடிக்கிறானே இந்தப் பொடியன் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அந்தப் பொடியன்தான் எண்ணெய்த் தலையோடு என் வாசலில் நிற்கிறான். காற்று வருகிற மூலை வீட்டைக் கொடுத்தேன். "ஏனுங்க, பாட்டுப் பாடுனாச் சன்னல் வெச்ச ஊடு குடுப்பீங்களா? எனக்குந்தான் தாலாட்டுத் தெரியும்" என்று என் வீட்டுக்காரி பொன்னாத்தாள் நாலு நாள் கிண்டலடித்தாள்.

அவன் பேர் எங்கள் வீதியில் சீக்கிரமே 'ரெக்கார்டு பாண்டி' ஆகிவிட்டது. அயர்ன் டேபிளில் நின்று பனியனைத் தேய்த்துக்கொண்டே கதை சொல்வான். ரெக்கார்டு பண்ணும் ரூமில் சுவரெல்லாம் மெத்தை தைத்திருந்தது, சிவப்பு லைட் எரிந்தால் தும்மக் கூடாது, உயரம் பத்தாமல் சோடாப் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் ஏற்றி நிறுத்தினார்கள். சொல்லும்போது கண் பளபளக்கும். ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் ஆர்கெஸ்ட்ரா வந்தால் இரண்டு பாட்டு இவனுக்கு ஒதுக்குவார்கள். குரல் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. மேலே போனால் கிழியும், கீழே வந்தால் காணாமல் போகும். ஆனாலும் கைதட்டுவார்கள். "சின்னதுல ரெக்கார்டுல பாடுனவருங்க" என்று பக்கத்தில் இருப்பவன் காதைக் கடிப்பான். வேல்விழி முன்வரிசையில் உட்கார்ந்து, மாமா பாடி முடிக்கும் வரைக்கும் கண்ணை எடுக்க மாட்டாள். அந்தப் பெண்ணுக்கு அப்பன் முகம் ஞாபகமில்லை. அவளுக்குப் பெருமை என்று இருந்ததெல்லாம் மாமன் ஒருவன்தான்.

ராக்கம்மாள் அந்த மாதிரி எதற்கும் போக மாட்டாள். அவளுக்கு வேலை வேஸ்ட் குடோனில். கம்பெனிகளில் துணி வெட்டியபிறகு விழுகிற துண்டுகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். வெள்ளை தனி, கலர் தனி, நூல் தனி என்று காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் தரையில் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். தகரக் கூரை, சன்னல் கிடையாது. காற்றடித்தால் துண்டு பறந்துவிடும் என்று ஃபேனும் போட மாட்டார்கள். வேலை முடிந்து வருகிறபோது புருவத்தில், இமையில், காது மயிரில் எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். வந்ததும் வாசலில் நின்று முந்தானையால் முகத்தைத் தட்டிவிட்டு, ஒரு பாட்டம் இருமிவிட்டுத்தான் உள்ளே போவாள். அப்புறம் சோறு ஆக்குவாள், தம்பிக்கு மிளகு ரசம் தனியாக வைப்பாள், தொண்டைக்கு நல்லதாம்.

அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ரெக்கார்டு பாண்டியின் அக்கா, அவ்வளவுதான்.

என் பெட்டியில் அந்தத் தட்டு பத்திரமாக இருந்தது. பாட வைக்கிற மிஷினுக்குத்தான் முள் இல்லை. வேல்விழி விடவில்லை. "ஓனர் தாத்தா, ஒரே ஒரு தடவ. மாமாட்ட இருந்த தட்டு ஒடஞ்சு போச்சாம். நான் பெறந்ததுலருந்து கதையாத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்று பார்க்கும்போதெல்லாம் பிடித்துக்கொள்வாள். கோயமுத்தூரில் பழைய ரேடியோ ரிப்பேர்க்காரர் ஒருவரிடம் சொல்லிவைத்து, இரண்டாயிரத்து எட்டு தை மாதம்தான் முள் கிடைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கரண்ட் வந்ததும் மூலை வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு மிஷினை வைத்தேன். எட்டு வீட்டு ஆட்களும் கூடிவிட்டார்கள். ஜெயபாண்டி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். ராக்கம்மாள் நிலைப்படிக்கு உள்ளே உட்கார்ந்து கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

முள் தட்டில் இறங்கிக் கரகரத்தது. ஆர்மோனியம் எழுந்தது. அப்புறம் அந்தக் குரல். முப்பத்தாறு வருசத்துக் குரல் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தது மாதிரி இருந்தது. வேல்விழி வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயபாண்டி கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக் கூடவே பாடினான்.

நான் சவுண்ட் சர்வீஸ்காரன். பாட்டு ஓடும்போது மிஷினைப் பார்க்க மாட்டேன், ஆட்களைத்தான் பார்ப்பேன். மூன்றாவது சரணம் முடிந்தது. 'என் காலு' என்று தட்டில் குரல் வந்தது. ஜெயபாண்டி அதே மூச்சில் 'சின்னக் காலு' என்று மேலே போய்விட்டான். தட்டு அறுபட்டு நின்று, பிறகுதான் வந்தது. அவன் முந்திவிட்டதை அவனே கவனிக்கவில்லை.

உள்ளே ராக்கம்மாளின் கையில் காய் நின்றது. அந்த மூச்சு தட்டில் வருவதற்கு ஒரு நொடி முன்னால் அவள் தோள் ஏறியது. வயிற்றை எக்கி, கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்து, பழைய வலி ஒன்று திரும்ப வந்தது மாதிரி. மூச்சு முடிந்ததும் தோள் இறங்கியது. கண்ணைத் திறந்து நான் பார்ப்பதைப் பார்த்தாள். உடனே குனிந்துகொண்டு காயை ஒடித்தாள்.

ஆயிரம்தரம் கேட்டவனுக்கும் அந்த மூச்சு எப்போது வரும் என்று தெரியலாம். எனக்கே தெரியும். ஆனால் எதற்காக வந்தது என்று உடம்போடு தெரிந்திருந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

பொன்னாத்தாளிடம் சொன்னேன். அடுத்த வாரம் ராக்கம்மாள் உரலில் ஆட்ட அரிசியோடு எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தபோது, இவள் பக்கத்தில் உட்கார்ந்து பதமாக ஆரம்பித்தாள்.

"ஏம்மிணி, அந்தப் பாட்டு நீ பாடுனதாம்மா?"

ராக்கம்மாள் ஆட்டுவதை நிறுத்தவில்லை. நாலு சுற்றுச் சுற்றினாள். இருமல் வந்தது. இருமி முடித்தாள்.

"ஆரு சொன்னா அக்கா?"

"இவருதான் சொல்றாரு. இவுருக்கு மத்தது எதுவும் தெரியாது, காது மட்டும் நல்லாருக்கும்."

"அண்ணாச்சி இருக்கையில எப்படிச் சொல்லுவேன்" என்றாள். நான் எழுந்து திண்டுக்கு அந்தப் பக்கம் போய், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது மாதிரி நின்றுகொண்டேன். அவள் பொன்னாத்தாளிடம்தான் சொன்னாள்.

"எங்க அய்யா நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கவரு. எனக்கும் தம்பிக்கும் அவருதான் பாட்டுச் சொல்லிக் குடுத்தது. ரேடியோவுல ரெண்டு பேரும் சேந்துதான் பாடுனோம். அதக் கேட்டுட்டு மெட்ராசுலருந்து ரெக்கார்டு குடுக்கக் கூப்பிட்டாக. எனக்குப் பன்னெண்டு, அவனுக்குப் பத்து. முந்தின நாளு அய்யா கடக்கரைக்குக் கூட்டிட்டுப் போனாரு. தம்பி ஐஸ் வேணும்னு அழுது பெரண்டான். வாங்கிக் குடுத்தாரு. விடிஞ்சு பாத்தா அவனுக்குக் குரலே இல்ல, காத்துதான் வருது."

"அப்பறம்?"

"கம்பெனிக்காரன் ஊருக்குப் போங்கன்னுட்டான். அய்யா கையெடுத்துக் கும்புட்டாரு. எம் பிள்ளைக்கு முழுப் பாட்டும் தெரியும், அவ பாடட்டும்னாரு. என்னயச் சோடாப் பெட்டி மேல ஏத்தி விட்டாக. காலையிலருந்தே எனக்கு அடிவயித்துல வலி. புதுத் தண்ணின்னு நெனச்சுக்கிட்டேன். மூணாவது சரணம் பாடுதேன்... பாடுதேன்... அப்ப ஆயிட்டு அக்கா."

பொன்னாத்தாள் "சாமி" என்றாள்.

"எனக்குத் தெரிஞ்சு போச்சு. நிப்பாட்டுனா மறுபடி மொதல்லருந்து பாடணும். அந்த லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருக்கு. ஒரு மூச்சு பிடிச்சேன். முடிச்சிட்டேன். முடிச்சிட்டு எறங்காம நிக்கேன். எறங்கும்மாங்கான். எப்படி எறங்குவேன்? அய்யா வந்து பாத்தாரு. தோள்ல கெடந்த துண்ட எடுத்து என் இடுப்புல சுத்தினாரு."

உரல் நின்றது.

"லாட்ஜுக்கு வந்து மண்டைல மண்டைல அடிச்சுக்கிட்டாரு. 'சாமி பாட்டுல்லா, சாமி பாட்டுல்லா'ன்னு. தீட்டோட பாடுனதுன்னு தெரிஞ்சா ஒரு கோயில்ல போடுவானா? சமஞ்ச பொட்டப்பிள்ள கொரலு தெருத்தெருவா குழாய்ல வரலாமா? தம்பிய முன்னால உக்கார வச்சாரு. 'ஆரு கேட்டாலும் நான்தான் பாடுனேன்னு சொல்லு. அக்கா வயித்துவலியில லாட்ஜுல படுத்திருந்தா. சொல்லு'ன்னாரு. அவனச் சொல்ல வச்சாரு. ரயில்ல ஊரு வாரவரைக்கும் சொல்ல வச்சாரு. பொட்டி மேல நின்னது, செவத்துல மெத்தை இருந்தது எல்லாம் என்னட்ட கேட்டுக் கேட்டு அவனுக்குச் சொன்னாரு. பேரும் அவன் பேரப் போடச் சொல்லிட்டாரு. அதோட என்னயப் பாட விடல. என் கல்யாணத்துக்கு அந்தத் தட்டப் போட்டாக. மாலையும் கழுத்துமா உக்காந்திருக்கேன், எல்லாரும் தம்பியத் தலைல தூக்கி வச்சுக் கொண்டாடுதாக."

எனக்கு ஒரு நொடி சுருக்கென்றதை மறைக்கப் போவதில்லை. பதினைந்து தைப்பூசம். பழனி போகிற ரோட்டில், வேல் நட்டுப் பூசை வைத்த பந்தலில், நானே கையால் எடுத்துத் துடைத்துப் போட்ட தட்டு. என் மூஞ்சியைப் பொன்னாத்தாள் பார்த்துவிட்டாள்.

"அட, பதனஞ்சு வருசமாக் கேட்டுப்போட்டு ஒண்ணும் சொல்லாத சாமி இனியா சொல்லப் போவுது? போயி மாட்டப் பாருங்க" என்றாள். வெட்கமாகப் போய்விட்டது எனக்கு.

"ஊருக்குத் தெரிய வேண்டாம் அக்கா" என்றாள் ராக்கம்மாள். "எம் மக வேலுக்குத் தெரிஞ்சாப் போதும். எட்டு வயசுல ஒருக்கா அவகிட்டச் சொன்னேன். பாடிக் காட்டுன்னா. வாயத் தொறந்தேன், இருமல்தான் வந்துச்சு. சிரிச்சிட்டா. மாமா மேல பொறாமையாம்மான்னு கேட்டா. அதுக்கு மேல எப்படிச் சொல்லுவேன்? அவன் வாயால சொன்னாத்தான் உண்டு. எங்கம்மைக்கு வேஸ்ட் பிரிக்கதத் தவிர ஒரு மண்ணும் வராதுன்னே அவ நெனச்சிட்டிருக்கா. நான் போறதுக்குள்ள அத மட்டும் மாத்திட்டாப் போதும்."

"போறதுக்குள்ளன்னு என்ன பேச்சு?" என்றாள் பொன்னாத்தாள்.

ஆனால் அது வெறும் பேச்சில்லை என்று பங்குனியில் தெரிந்துவிட்டது. நாலு எட்டு நடந்தால் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் கெட்டது கெட்டதுதான், இனிப் பழையபடி ஆகாது, குடோன் பக்கம் போகாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். போகவில்லை. போக முடியவும் இல்லை. உட்கார்ந்தபடிக்கே தூங்கினாள். ஜெயபாண்டி காலையில் வேலைக்குப் போகும் முன் வெந்நீர் வைத்து அக்காவுக்கு முகம் துடைத்துவிடுவான். அதையும் சொல்ல வேண்டும். அவன் கெட்டவன் இல்லை.

அந்த வருசம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சித்திரையில் ஒரு மத்தியானம் அவன் கம்பெனிக்கே போனேன். கரண்ட் இல்லாமல் டெய்லர்கள் எல்லாம் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். இவனைத் தனியாக டீக்கடைக்குக் கூட்டிப்போனேன்.

"பாண்டி, உன்ற அக்காளுக்கு நாள் எண்ணீட்டிருக்குது. ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. அந்தப் பாட்டப் பாடுனது யாரப்பா?"

அவன் சிரித்தான். "என்ன அண்ணாச்சி, புதுசாக் கேக்கீக?"

"அம்மிணி எல்லாஞ் சொல்லிப்போட்டா. நீ ஐஸ் தின்னு தொண்ட கட்டுனது, அவ பொட்டி மேல நின்னு பாடுனது. ஊருக்குச் சொல்ல வேண்டாம்ப்பா. வேலுகிட்ட மட்டும் சொல்லு."

டீயைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் கோபம் வரும், பயம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது பரிதாபம்.

"அக்கா அப்படியா சொல்லுதா? பாவம். ஐஸ் தின்னது அவதான் அண்ணாச்சி. அவளுக்குத்தான் அன்னைக்குக் குரல் போச்சு, வயித்து வலியும் வந்து லாட்ஜுலயே படுத்துட்டா. அய்யா என்னய மட்டும் கூட்டிட்டுப் போனாரு. சோடாப் பொட்டிய நான் மறப்பனா? ஆடிக்கிட்டே இருந்துச்சு. விழுந்துருவேனோன்னு இந்தக் கால அழுத்திக்கிட்டே பாடுனேன். இந்தா, இந்தக் கால." வலது காலைத் தூக்கிக் காட்டினான்.

"மூணாவது சரணம் முடிஞ்சு ஒரு மூச்சு வருதே, அது ஏன் வந்துச்சு?"

"எந்த மூச்சு?"

"என் காலுங்கறதுக்கும் சின்னக் காலுங்கறதுக்கும் நடுவுல."

யோசித்தான். உதட்டை அசைத்துப் பாடிப் பார்த்தான். அப்போதும் நிற்காமல் தாண்டிப் போனான். "அது கீறலா இருக்கும் அண்ணாச்சி. தட்டு பழசுல்லா."

ஓங்கி ஒன்று விடலாமா என்றிருந்தது எனக்கு. ஆனால் அவன் கண்ணைப் பார்த்தேன். கள்ளம் இருந்தால் எனக்குத் தெரியும், எட்டு வீட்டு வாடகைக்காரர்களைப் பார்த்தவன் நான். அதில் ஒரு துளிக் கள்ளம் இல்லை. பத்து வயசுப் பையனை ஒரு ரயில் பயணம் முழுக்க உருப்போட வைத்தார் அவன் அப்பா. அதற்கப்புறம் முப்பத்தாறு வருசம் அவனே உருப்போட்டிருக்கிறான்.

"எனக்கு வேற என்ன அண்ணாச்சி இருக்கு?" என்றான் எழுந்திருக்கும்போது. "பொண்டாட்டி நிக்கல, பிள்ளை இல்ல. காலைல இருந்து நின்னு நின்னு நரம்பெல்லாம் சுருட்டிக்கிச்சு. ஒருநாள் பாடுனேன்கிறது ஒண்ணுதான் கெடக்கு. அக்காவுக்கு மூச்சு முட்டி மனசு கொழம்பிட்டு. நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீக." கரண்ட் வந்துவிட்டது. உள்ளே மிஷின்கள் ஓட ஆரம்பித்தன. அவன் ஓடினான்.

ராக்கம்மாளிடம் நான் மென்று முழுங்கித்தான் சொன்னேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பேசுவதற்கு நடுவில் மூச்சு எடுத்து எடுத்துப் பேசினாள்.

"பொய் சொல்லுதானா அண்ணாச்சி?"

"இல்லீம்மா. நெசமாலுமே நம்பறான்."

சன்னலுக்கு வெளியே பக்கத்து யூனிட்டின் புகைக்குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொய்யினா சண்ட போடலாம். கால்ல விழலாம். நம்புதவன என்ன செய்ய?" என்றாள். அப்புறம், "இத்தன வருசமும் அவனுக்கு உள்ளுக்குள்ள உறுத்தும்னுதான் நெனச்சேன் அண்ணாச்சி. என் ரசத்தக் குடிக்கும்போதெல்லாம் ஒரு நிமிசமாவது நெனப்பான்னு. அதும் இல்லியா?"

நான் கட்டிலை ஒட்டி உட்கார்ந்தேன்.

"நான் வேணும்னா வேலுகிட்டச் சொல்றேம்மா. நான் சொன்னா நம்புவா. அந்த மூச்சப் போட்டே காட்டறேன்."

"வேண்டாம்." கையை நீட்டி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை பலம் அந்தக் கையில் எங்கிருந்து வந்ததோ. "நான் போனப்பெறவு அவளுக்கு ஆரு இருக்கா? அவன் ஒருத்தன்தான். எங்க மாமா பொய்க்காரன்னு நெனச்சுக்கிட்டு அவன் வீட்டுல அவ எப்படிச் சோறு திம்பா? அவனக் கல்யாணத்துக்கு எப்படி முன்ன நிறுத்துவா? இருக்கிற ஒரு ஆளையும் நான் பறிச்சுட்டுப் போகவா? சத்தியம் பண்ணுங்க அண்ணாச்சி. சொல்ல மாட்டேன்னு."

சத்தியம் பண்ணினேன். அதைவிட வேறு என்ன செய்திருக்கலாம் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை. பொன்னாத்தாள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆடி பிறந்ததும் ராக்கம்மாள் சாப்பிடுவதை விட்டுவிட்டாள். கஞ்சித் தண்ணீர் மட்டும் இறங்கியது. உள்ளே புழுக்கமாக இருக்கிறதென்று கட்டிலை வாசலுக்குத் தூக்கிப் போட்டோம். ஆடிக் காற்று மண்ணை வாரி அடித்தது. பக்கத்து யூனிட்டிலிருந்து பஞ்சும் தூசியும் பறந்துவந்து அவள் போர்வையில் ஒட்டின. வேல்விழி வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தாள். ஒட்டுகிற பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டுக்கொண்டே இருப்பாள்.

ஒரு சாயங்காலம் அவளே என்னிடம் வந்தாள். "ஓனர் தாத்தா, அந்தத் தட்டக் கொஞ்சம் போடுறீங்களா? அம்மா கேக்கல, நானாத்தான் கேக்கேன். மாமா பாட்டக் கேட்டா அதுக்கு நல்லாருக்கும்."

மிஷினைக் கொண்டுபோய் வைத்தேன். முள் இரண்டுதரம் வழுக்கியது. ஜெயபாண்டி வேலை முடிந்து வந்து, கட்டிலின் காலடியில் உட்கார்ந்து அக்காவின் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். பாட்டு ஆரம்பித்ததும் அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசல்களில் நின்று கேட்டார்கள். பொன்னாத்தாள் மட்டும் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் போய்விட்டாள். ராக்கம்மாள் கண்ணை மூடவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிகிற வரைக்கும் அவள் பார்வை அங்கிருந்து நகரவில்லை.

முடிந்தது. தட்டு சும்மா சுற்றியது. வேல்விழி அம்மாவின் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள்.

"எம்புட்டு நல்லா பாடியிருக்கீங்க மாமா" என்றாள். "அதுல பாதி அம்மாவுக்கு இருந்திருந்தா எனக்கும் கொஞ்சம் வந்திருக்கும். ரெண்டு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகதான். எல்லாத்தையும் சாமி உங்களுக்கே குடுத்துட்டு. பாவம், எங்கம்மாவுக்கு ஒண்ணுமே குடுக்கல."

ஜெயபாண்டி அக்காவின் காலில் முகத்தை வைத்து அழுதான்.

"ஆமாட்டி" என்றாள் ராக்கம்மாள். மூச்சுக்காக இரண்டுதரம் நின்றாள். "எனக்கெங்க... பாட்டு வரும். எல்லாம் ஒங்க மாமாதான்."

வேல்விழி அழுதுகொண்டே சிரித்தாள். அம்மா பேசியதே அவளுக்குச் சந்தோசமாக இருந்தது. என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க எத்தனையோ பேரு தட்டுப் போட்டிருக்கீங்க. எங்க மாமா மாதிரி ஆராச்சும் பாடியிருக்காங்களா தாத்தா?"

ராக்கம்மாள் என்னைப் பார்த்தாள்.

"இல்ல கண்ணு" என்றேன். "உங்க மாமா மாதிரி யாருமே பாடுனதில்ல."